மூன்று நாள் சத்தியம்

கதை என்னுடையது, தீர்ப்பு உங்களுடையது. பாதியில் எழுந்து போகிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் தவமணி சமையல் செய்துவந்தாள். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊருக்கு இருந்த கவலை அவளுக்கு இருந்ததில்லை. இருமல் விடாமல் பிடித்துக்கொள்ளவே, ஒரு தனியார் மருத்துவமனைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் சீனியம்மாள். "தாலியைக் கழட்டும்மா" என்ற நர்ஸிடம், "உசுரே போனாலும் கழட்ட மாட்டேன்" என்று மல்லுக்கு நின்று கடைசியில் ஜெயித்தும் விட்டாள். தவமணிக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் படத்தைப் பார்த்த டாக்டர், சளியைக்கூடச் சோதிக்காமல், "காசநோய்" என்றார்.

அன்றைக்கே அவள் கையிலிருந்த கரண்டி வேறு கைக்குப் போனது. அக்கம்பக்கத்து வீடுகளில் அவளுக்கென்று தனி டம்ளர் வந்தது. இரண்டு மாதம் மாத்திரை விழுங்கி, மஞ்சள் காமாலையும் வந்து, மதுரையில் ஒரு அரசு மருத்துவரிடம் போனாள். அவர் புதுப்படம் எடுத்துப் பார்த்து, "அந்த நோய் வந்த தடமே இல்லையேம்மா" என்றார். தவமணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் வக்கீல் தேடித் தேனிக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: பிடுங்கிய கரண்டி திரும்பக் கைக்கு வரவேண்டும்.

முதல் வக்கீல் படத்தை உறையிலிருந்து எடுக்காமலே "ஜெயிச்சிரலாம்" என்றார். உறையைப் பிரிக்காதவரை நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டாமவர் எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மருந்து கேட்டுச்சு, அதான் நெஞ்சு சுத்தமாச்சுன்னு ஒரே வரியில சொல்லிருவாங்கம்மா. கேஸ் நிக்காது." அவர் சொன்னதில் பொய் இல்லை.

மூன்றாவது வக்கீல் எஸ்தர், தவமணியைவிட வயதில் சிறியவள். தனியார் மருத்துவமனை எடுத்த பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

தவமணிக்குச் சுரீரென்றது. "நியாயம் கேட்டு வந்த இடத்துல நீங்களுமா மேடம்?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. இங்க பாருங்க."

நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாக இரண்டு தாலி உரு, பக்கத்தில் ஓரம் நசுங்கிய ஒரு காசு. ஊரில் பாதிப் பெண்களின் படத்தில் இருப்பதுதானே என்று படித்த கண்கள் எல்லாம் அதைத் தாண்டிப் போயிருந்தன.

"ஐயோ, இது அந்தப் பூக்காரி படம்!" தவமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப நோய் அவளுக்குத்தானே? ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருப்பாங்களே!"

எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளைக்கு வாயைத் திறக்காதீங்கக்கா. எக்ஸ்ரே பதிவேட்டு நகல் கேட்டு இன்னைக்கே எழுதிக் குடுக்குறேன். மூணு நாள்ல தந்தாகணும். யார் முன்னாடி, யார் பின்னாடின்னு அதுலதான் இருக்கு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு போய்ச் சத்தம் போட்டா, பதிவேட்டுல அந்தப் பக்கமே காணாமப் போயிரும். சத்தியம் பண்ணுங்க."

மூன்று நாள்தானே என்று தவமணியும் சத்தியம் செய்தாள்.

ஊருக்குத் திரும்பிய பஸ் பேருந்து நிலையத்தில் நின்றது. சீனியம்மாள் கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, இருமி இருமிப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தவமணி நேராக அவளிடம் போனாள். சத்தியம் அந்தச் சாயங்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

எஸ்தர் பயந்ததே நடந்தது. மறுநாள் சீனியம்மாளின் புருஷன் மருத்துவமனையில் போய்க் கத்தினான். பதிவேட்டின் அந்தப் பக்கம் மழையில் நனைந்து கிழிந்துவிட்டதாகப் பதில் வந்தது. "கையில இருந்த கேஸைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்திருக்கீங்களேக்கா!" என்று எஸ்தர் கொதித்தாள். ஆனாலும் வழக்கைக் கைவிடவில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், "பதிவேடு இல்லை. படத்தில் மனுதாரர் பெயர்தான் ஒட்டியிருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்தார். எஸ்தர் சீனியம்மாளைக் கூப்பிட்டாள். சிகிச்சை எடுத்து உடம்பு தேறி, நடை பழகிவிட்ட குழந்தையோடு வந்திருந்தாள். தன் பெயர் ஒட்டிய படத்தைக் கொடுத்தாள். அதில் தாலியே இல்லை. உசுரே போனாலும் கழற்ற மாட்டேன் என்ற தாலியை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். அதே இரண்டு உரு, அதே ஓரம் நசுங்கிய காசு.

நீதிபதி தவமணியைப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இருபது வருஷமா ஊரே கேக்குற கேள்விங்கய்யா. இல்லவே இல்லைங்கய்யா!"

மன்றமே சிரித்தது. தவமணி ஜெயித்தாள். இழப்பீட்டோடு, அவளுக்கு அந்த நோய் ஒருநாளும் இருந்ததில்லை என்று மருத்துவமனை எழுதித் தரவும் வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்துக் கதவில் ஒட்டிவிட்டு அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வழக்கைக் காப்பாற்ற மூன்று நாள் கேட்ட எஸ்தர் செய்தது சரியா? செய்த சத்தியத்தை அன்றைக்கே உடைத்த தவமணி செய்தது சரியா?

விடை: எஸ்தர் மேல் குற்றமில்லை. கட்சிக்காரரைக் காப்பது அவள் தொழில். ஆனாலும் தவமணி செய்ததே சரி. அந்தச் சத்தியம் வாங்கப்பட்டது தவமணியின் நன்மைக்காக. தன் நன்மையைத் தானே விட்டுக்கொடுத்தவள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. வாய்மூடி இருந்திருந்தால், மருத்துவமனை தெரியாமல் செய்த தப்பை அவள் தெரிந்தே செய்தவள் ஆகியிருப்பாள். ஏடு போனது, ஆனால் உயிரோடு ஒரு சாட்சி நடந்து வந்தாள். எஸ்தரும் இதை ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். "இனிமே உங்ககிட்ட சத்தியமே வாங்க மாட்டேன்கா" என்று சொல்லிக்கொண்டே சத்துணவுக் கூடத்தில் அவள் தட்டை நீட்டினாள். முதல் கரண்டி சாம்பார் அவளுக்குத்தான் விழுந்தது.