வேதம் தோற்றதா என்று கேட்ட ராஜா

முன்னொரு காலத்தில் சங்குத்துறை நாட்டை மாறவேந்தன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒரு சட்டம் போடுவான், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதை ரத்து செய்வான். இரண்டுக்கும் சபையில் ஒரே அளவு கைதட்டல்.

ஒருநாள் அவனுக்குச் சந்தேகம் வந்தது. "கிறிஸ்தவ வேதம் வந்து இத்தனை காலமாச்சே. அது ஜெயித்ததா, தோற்றதா?"

யானைக் கொட்டடி அதிகாரி விசயராயர் துள்ளி எழுந்தார். கடற்கரை மாதா கோயில் இருக்கும் இடத்தில் கொட்டடியை விரிக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

"தோல்விதான் பிரபு! பகைவனை நேசி என்கிறது. அப்படி நேசிக்கிறவன் எவன்? தோற்றுப்போனதற்குக் கோயில் எதற்கு? இடித்துவிடலாம்."

மந்திரி நல்லகுற்றாலத்துக்கு அவர் ஆசையும் தெரியும், அந்தக் கோயில் கஞ்சியை நம்பிக் கிடக்கும் ஏழைகளையும் தெரியும். "இன்று பெரிய வியாழன். நேரில் பார்த்தே தீர்ப்புச் சொல்லுங்கள் பிரபு," என்றார்.

பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் அவர்கள் காலைக் கழுவுவார். ஏசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு, தாழ்மையைக் கற்பிக்கும் சடங்கு. ராஜா சபையோடு போன நேரம் அந்தத் தாழ்மைக்காக அங்கே அடிதடி. கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சவரிராயனே தன் மச்சானுக்கு இடம் பிடிக்க ஒரு தோணிக்காரரின் தலைப்பாகையை இழுத்துக்கொண்டிருந்தார்.

விசயராயருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பார்த்தீர்களா? நாளைக்கே யானைகளைக் கூட்டி வருகிறேன்!"

ராஜா வாயைத் திறப்பதற்குள் மந்திரி குறுக்கிட்டார். "இதோ தண்ணீர், இதோ தாம்பாளம். தன் பகையாளியின் காலை யார் முதலில் கழுவுகிறாரோ, அவரே தீர்ப்புச் சொல்லட்டும். விசயராயருக்கு என்னைக் கண்டால் ஆகாது. என் கால் தயார்."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்!"

விசயராயர் பாதி குனிந்து நிமிர்ந்தார். "இவர் காலையா? தலை போனாலும் மாட்டேன். ஏன், நீரே என் காலைக் கழுவுமே!"

"எனக்கும் குமட்டுகிறது ஐயா. அதனால்தான் நான் தீர்ப்புச் சொல்லவில்லை."

சேனாபதிக்குத் திடீரென்று மூட்டுவலி. அவைப்புலவருக்குச் சளி. ராஜாவோ தன் பகையாளியான பக்கத்து நாட்டு மன்னனை நினைத்துக்கொண்டு, கோயில் கூரையின் அழகை ரசிக்க ஆரம்பித்தான்.

கடைசியில் சவரிராயன் வந்தார். முகமெல்லாம் கோபம். தன் கோயிலை இடிக்க வந்தவரைப் பிடித்து உட்காரவைத்து, முணுமுணுத்துக்கொண்டே, யானைச் சாணி அப்பிய அந்த இரண்டு காலையும் கழுவித் துடைத்தார்.

"சொல்லும்," என்றான் ராஜா. "வேதம் ஜெயித்ததா, தோற்றதா?"

"உள்ளதைச் சொல்லுதேன் மகாராசா. இந்த ஆளு கழுத்த நெரிக்கணும்னு கை பரபரக்கு. அதனால தோத்துதான் போச்சுன்னு வச்சுக்கிடுங்க. ஆனா நெரிக்காம கால கழுவிட்டேனே, அது ஏன்னு எனக்கே வெளங்கல."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "கோயிலை எவனும் தொடக்கூடாது. விசயராயரே, ஒரு மாதம் இங்கே நீர்தான் கஞ்சி ஊற்ற வேண்டும்."

"உத்தரவு பிரபு," என்றார் மந்திரி. "அடுத்தபடியாக, நம் ஆட்சி ஜெயித்ததா தோற்றதா என்றும் இப்படியே பார்த்துவிடலாமா?"

"பல்லக்கைத் தூக்கச் சொல்லும்," என்றான் ராஜா. "சீக்கிரம்!"