மைனஸ் நூற்றுப் பத்தும் ஒரு காவித் துண்டும்

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். குரு ஞானதேசிகருக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் நஞ்சப்பனுக்கு அறுபத்து மூன்று. குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவைச் சாமி என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் எதுவும் இல்லை.

நஞ்சப்பன் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வேலை என்று வந்துவிட்டால் கையிலிருக்கும் துணியைத் தோளில் வீசிக்கொண்டு இறங்கிவிடுவார். மடத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வந்த அன்றே அவர் காவி கேட்டார். மனம் மூன்று நிமிடம் சும்மா இருக்கட்டும், அன்றைக்கு என் தோளில் கிடப்பதையே தருகிறேன் என்றார் குரு. ஏழு வருடம் தியானத்தில் உட்கார்ந்தும் நஞ்சப்பன் மூன்று விநாடியைத் தாண்டவில்லை. கண்ணை மூடினால் மில் ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, முழங்கால் வலிக்கு நல்லது என்று மருமகன் அவரை டவுனில் ஒரு சிகிச்சை அறைக்கு அழைத்துப் போனார். உடம்பு முழுவதையும் உறைய வைக்கிற குளிர் அறை அது. மத்தியானமே திரும்பிய நஞ்சப்பன் செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே ஓடிவந்தார்.

"சாமி, நின்னுருச்சுங்க."

"எதுங்க அண்ணா?"

"மனசுங்க. மூணு நிமிஷம். கடிகாரத்துல பாத்தாங்க, சுத்தமா மூணு நிமிஷம்."

மைனஸ் நூற்றுப் பத்து டிகிரியாம். கம்பளிக் காலுறை, கையுறை, காதை மூடும் குல்லா, அரை டவுசர், அவ்வளவுதான் உடுப்பு. கதவைச் சாத்தியதும் மில் இல்லை, முழங்கால் இல்லை, நஞ்சப்பன் என்று ஓர் ஆளே இல்லையாம். மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நெற்றியைக் காட்டினார். சிவப்பாக மூன்று கோடுகள். சிவனே போட்டுவிட்ட பட்டை என்றார். கண் மட்டும் குருவின் தோளில் கிடந்த காவித் துண்டை விட்டு நகரவில்லை.

குரு சிரிக்கவில்லை. நாளைக்கு என்னையும் கூட்டிப் போங்கள் என்றார். நஞ்சப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா, நஞ்சப்பனின் நெற்றியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"ஈர விபூதியோடவா உள்ள போனீங்க? துளி ஈரம்கூட இல்லாம துடைக்கச் சொன்னேனே, ஐயா. குல்லாவுக்குள்ள மறைச்சுட்டீங்களா?"

ஈரம் இருந்த இடத்தைக் குளிர் சுட்டிருக்கிறது, ஒரு வாரத்தில் தோல் உரிந்துவிடும் என்றாள். வெறும் நெற்றியோடு நஞ்சப்பன் எங்கேயும் நின்றதில்லை, அதனால்தான் மறைத்தார். இப்போது வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. காவி போயிற்று என்றே நினைத்தார்.

குரு உள்ளே போகத் தயாரானார். தம் நெற்றியை அழுத்தித் துடைத்தார். அந்த மடத்துக் காவியை ஆணியில் மாட்டக் கூடாது, யாராவது கையில் வைத்திருக்க வேண்டும். துண்டை எடுத்து நஞ்சப்பனிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நானும் பாத்துக்குவேன், நீங்களும் அவர் கையைப் பாருங்க ஐயா," என்றாள் ரெஜினா. "கையைத் தூக்கினா உடனே கதவைத் திறக்கணும்."

கதவு மூடிக்கொண்டது. குருவுக்கு ஒல்லி உடம்பு. அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் தோள் நடுங்கத் தொடங்கியது. வெண்புகை எழுந்து மார்பு வரை மூடியது. நஞ்சப்பன் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டார். கை எங்கே? இருக்கிறது. மறைந்துவிட்டது. இதோ இருக்கிறது. விரல் அசைந்ததா? இல்லை, நடுக்கம்தான். மறுபடியும் புகை.

கதவு திறந்தது.

"ஏம்மா, அதுக்குள்ள திறந்துட்டே?" என்றார் நஞ்சப்பன்.

"மூணு நிமிஷம் ஆயிருச்சுங்க ஐயா."

குரு பல் தந்தியடிக்க வெளியே வந்தார். ரெஜினா ஒரு போர்வையைக் கொடுத்தாள்.

"எனக்கு மனசு நிக்கவே இல்லீங்க அண்ணா," என்றார் குரு. "எப்படா கதவைத் திறப்பாங்கன்னுதான் இருந்துச்சு."

நஞ்சப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "நல்லா இருக்கீங்கல்லங்க சாமி?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"நல்லா இருக்கேன். துண்டு எங்கீங்க?"

நஞ்சப்பன் கையைப் பார்த்தார். வெறும் கை. தரையைத் தேடினார், கண்ணாடியோரம் தேடினார். அப்புறம்தான் தெரிந்தது, அது அவருடைய இடது தோளில் கிடந்தது. எப்போது வீசிக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. ஏழு வருடம் கேட்ட துணி தோளில் கிடந்ததும் தெரியவில்லை. பதறிப்போய் அதை எடுக்கக் கையைத் தூக்கினார்.

குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் ஐஸாகச் சில்லிட்டிருந்தன.

"இருக்கட்டுங்க அண்ணா," என்றார். "மூணு நிமிஷம் ஆயிருச்சு."