எல்லைக்கோட்டின் அகலம்

முன்னொரு காலத்தில், நிலத்துக்கு நிலம் கல் நட்டு எல்லை காட்டிய நாட்களில், ஒரு நாட்டை ஆண்ட அரசருக்கு ஒரு வியாதி இருந்தது. உடம்பில் இல்லை. மனத்தில் ஒரு கேள்வி புகுந்துவிட்டால், பதில் கிடைக்கும்வரை அவரால் வேறு வேலை பார்க்க முடியாது. மீன் எப்போது தூங்குகிறது என்று அறிய அரண்மனைக் குளத்தங்கரையில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். எதிரொலிக்கு எத்தனை மொழி தெரியும் என்று பார்க்க, அயல்நாட்டுத் தூதர்களை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போய்க் கத்த வைத்திருக்கிறார். மற்றபடி நல்ல மனிதர்.

அவருடைய சபையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். அரசர் கேட்கும் கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னாலும், கடைசியில் அவர் பிச்சாண்டியின் பக்கம்தான் திரும்புவார். தலைமை மந்திரியான பிரதானி குலசிகாமணியாருக்கு இது பொறுக்கவில்லை. முப்பது வருடம் ஓலை பார்த்துக் கண் மங்கிய தனக்கு அரசரிடம் கிடைக்காத சிரிப்பு, இவனுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்பது அவர் மனக்குறை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, சபைக்கு ஒரு குயவர் பெண் வந்தாள். பெயர் சிட்டாள். அவள் கணவன் சக்கரத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்க வாய் திறக்காத மனிதன். அதனால் வீட்டுக்காகப் பேசுவது அவள்தான். இடுப்பிலிருந்த கூடையை இறக்கி, அதற்குள்ளிருந்து இரண்டு கை கொள்ளும் அளவு சேற்றை எடுத்து அரசர் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?" என்று கேட்டார் அரசர்.

"பானைங்க, மகாராசா."

"சேறாக அல்லவா இருக்கிறது?"

"மூணு நாளைக்கு முன்னால பானையாத்தான் இருந்துச்சு. இது மாதிரி இன்னும் அறுபது கிடக்கு. சுடாத பச்சைப் பானையைக் காய வச்சிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எல்லையை ஒட்டிக் கொட்டகை போட்டுட்டாரு. கூரைத் தண்ணி அத்தனையும் எங்க பந்தலுக்குள்ள வந்து நிக்குது. ஊர்த் திருவிழாவுக்குக் கேட்ட பானை, சூளை மூட்ட ஒண்ணுகூட மிஞ்சலை."

அரசர் குனிந்து அந்தச் சேற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரர் யார்?"

சிட்டாள் பிரதானியைப் பார்த்தாள்.

அரசர் அந்த வருடம்தான் பிரதானிக்கு ஒரு பல்லக்குப் பரிசளித்திருந்தார். அதை நிறுத்திவைக்கத்தான் பிரதானி ஓடு வேய்ந்து ஒரு பெரிய கொட்டகை கட்டியிருந்தார். தன் முற்றம் நனையக்கூடாது என்று கூரையின் சரிவு முழுவதையும் சிட்டாள் வீட்டுப் பக்கமாக இறக்கியிருந்தார்.

பிரதானி எழுந்து கைகூப்பினார். "மாமன்னரே, என் கொட்டகை என் நிலத்திலேயே நிற்கிறது. இரண்டு எல்லைக்கல்லுக்கும் நடுவே நூல் பிடித்துப் பார்க்கட்டும். என் ஓடு எல்லைக்கோடு வரைக்கும் வருகிறதே தவிர, அதை மயிரிழைகூடத் தாண்டவில்லை. மழையோ வானத்திலிருந்து வருவது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கண்கள் பளபளக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் சபையிலிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, கேள்வி ஒன்று உள்ளே புகுந்துவிட்டது என்று.

"உம்முடைய நிலம் கோடு வரைக்கும். அவளுடைய நிலமும் கோடு வரைக்கும். அப்படியானால் அந்தக் கோடு யாருடையது?"

சபையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புலவர் ஒருவர் பாதி இவருக்கு, பாதி அவளுக்கு என்றார். அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் நடுவில் ஒரு கோடு வருமே, அது யாருக்கு என்று கேட்டார் அரசர். புலவர் உட்கார்ந்துவிட்டார்.

அரசரை மகிழ்விக்க இதுதான் சமயம் என்று பிரதானி நினைத்தார். "மாமன்னரே, அது இருவருக்கும் சொந்தமில்லை. நாட்டில் எவருக்கும் சொந்தமில்லாத நிலம் எல்லாம் அரசருக்கே உரியது. ஆகவே எல்லைக்கோடு தங்களுடையது."

"என்னுடையதா?" அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இந்த நாட்டில் எத்தனை வீடு, எத்தனை வயல். அத்தனைக்கும் நடுவில் எனக்கு நிலம் இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே. அதன் அகலம் எவ்வளவு?"

பிரதானி ஓரக்கண்ணால் பிச்சாண்டியைப் பார்த்தார். "அதைச் சொல்லக்கூடியவர் நம் விகடகவி ஒருவர்தான். ஐந்து நாளில் அந்தக் கோட்டைச் சபைக்குக் கொண்டுவந்து அதன் அகலத்தைக் காட்டட்டும். முடியாவிட்டால் சபையில் தன் இடத்தை விட்டுவிடட்டும். இந்தப் பெண்ணின் வழக்கையும் அத்துடன் முடித்துக்கொள்ளலாம்."

"நல்ல யோசனை" என்றார் அரசர்.

பிச்சாண்டி எழுந்தான். "அடியேன் சம்மதிக்கிறேன், அரசே. பிரதானியார் இப்போது சொன்னதை ஓலையில் எழுதி, அவர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கோடு அரசருக்குச் சொந்தம் என்ற அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது."

பிரதானி சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். சபை கலைந்தது. சேறு வைத்த இடத்திலேயே இருந்தது. சிட்டாள் அதை வழித்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று மாலையே பிச்சாண்டி அவள் வீட்டுக்குப் போனான். அவள் கரைந்துபோன பானைகளை மிதித்து மறுபடி மண்ணாகக் குழைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"கோட்டைப் பத்தி எல்லாரும் நல்லாப் பேசுனீங்க, சாமி" என்றாள். "என் பானையைப் பத்தித்தான் ஒருத்தரும் பேசலை."

சபையில் தானும் அந்தக் கேள்வியை ரசித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தபோது பிச்சாண்டிக்கு வெட்கமாக இருந்தது.

"திருவிழாவுக்கு எத்தனை பானை கேட்டிருக்கிறார்கள், அம்மா?"

"நூறு. இன்னும் இருபது நாள் இருக்கு. காய வைக்க இடம் இருந்தா முடிச்சிருவோம். அவரு வேலையும் நிறுத்தலை." உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

பிச்சாண்டி எல்லைக்கல்லின் அருகே போய்க் குந்தி உட்கார்ந்தான். பிறகு கோடு இருக்க வேண்டிய இடத்தில் நீட்டிப் படுத்து, தலைக்கு மேலிருந்த ஓட்டு விளிம்பை அண்ணாந்து பார்த்தான். எழுந்து, கைகளை விரித்துக்கொண்டு அங்கிருந்து இங்கே நடந்தான். மறுநாளும் வந்து அதையே செய்தான். சிறு தூறல் விழுந்தபோதும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னத்தைப் பார்க்குறீங்க, சாமி?" என்றாள் சிட்டாள்.

"அரசர் எவ்வளவு அகலம் என்று பார்க்கிறேன், அம்மா."

இவரை நம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அன்றிரவு கணவனிடம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பிச்சாண்டி வெறுங்கையோடு சபைக்கு வந்தான். பிரதானியின் முகம் மலர்ந்தது.

"எங்கே என் கோடு?" என்றார் அரசர்.

"எவ்வளவு அழைத்தும் வர மறுக்கிறது, அரசே. பிறகுதான் நினைவுக்கு வந்தது, அது அசையாச் சொத்து. ஆனால் தங்கள் கட்டளை சபைக்குக் கொண்டுவா என்பதுதான். அரசர் எங்கே இருக்கிறாரோ அதுதானே சபை? தாங்கள் அங்கே எழுந்தருளினால் கோடு சபையில் இருக்கும்."

"இது ஏமாற்று" என்றார் பிரதானி.

ஆனால் அரசர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அரசரும் பரிவாரமும் சேற்றில் கால் வைத்து வந்து சேர்ந்தபோது, இரண்டு எல்லைக்கல்லுக்கும் நடுவே ஒரு வெள்ளை நூல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் கொட்டகையின் சுவர். மறுபக்கம் சிட்டாளின் பந்தல். பந்தலுக்குள் புதிதாகச் செய்த பானைகள் சில, பலகைகளுக்கு மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன.

அரசர் நூலை உற்றுப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"நூல் அதன் நடு, அரசே. அகலத்தைச் சொந்தக்காரர்தான் காட்ட வேண்டும். நிலத்துக்கு உடையவர் நடந்து பார்க்காமல் அளவு தெரியாது. தயவுசெய்து தங்கள் நிலத்தில் நடந்து வாருங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். கால் வலப்பக்கம் போனால் அது பிரதானியார் நிலம். இடப்பக்கம் போனால் இந்த அம்மாளின் நிலம். அரசர் பிறர் நிலத்தில் மிதித்தார் என்ற பேச்சு வரக்கூடாது."

"வராது" என்றார் அரசர். ஆர்வத்தோடு நூலின்மேல் ஒரு காலை வைத்தார். அதன் முன்னால் அடுத்த காலை வைத்தார். அரசர் கொஞ்சம் கனத்த உடம்பு. மூன்றாவது அடியில் தள்ளாடத் தொடங்கிவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து, கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதுபோல நடந்தார். பரிவாரத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிட்டாளின் கணவன் சக்கரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்று பார்த்தான்.

கொட்டகையின் நடுப்பகுதிக்கு வந்தபோது ஓட்டு விளிம்பில் தேங்கியிருந்த தண்ணீர் சரியாக அரசரின் பிடரியில் விழுந்து முதுகுக்குள் இறங்கியது. அரசர் துள்ளினார். அடுத்த அடி வைத்தார். அடுத்த ஓட்டிலிருந்தும் விழுந்தது.

"குடை" என்றார் அரசர்.

குடைபிடிப்பவன் ஓடிவந்து வெண்கொற்றக் குடையைத் தூக்கினான். அது ஓட்டு விளிம்பில் முட்டி நின்றது. அவன் பயத்தில் இன்னும் கொஞ்சம் தள்ள, இரண்டு ஓடுகள் நழுவி அரசரின் காலடியில் விழுந்து உடைந்தன.

குடைபிடிப்பவன் குடையைக் கீழே இறக்கினான்.

பிச்சாண்டி மெதுவாகக் கேட்டான். "பிரதானியாரே, இந்தக் கோடு அரசருடைய நிலம் என்று தாங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். அதில் அரசர் தடுமாறி நடப்பது முறையா?"

"முறையல்ல" என்றார் பிரதானி. வேறு என்ன சொல்ல முடியும்?

"அரசர் தம் சொந்த நிலத்தில் குடை விரிக்க முடியாமல் நனைவது முறையா?"

"முறையல்ல."

"அப்படியானால் அந்த நிலத்தின் அகலம் எவ்வளவு என்று தாங்களே சொல்லுங்கள்."

பிரதானி அரசரின் நனைந்த முதுகைப் பார்த்தார். உடைந்து கிடந்த ஓடுகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அரசரின் குடை விரியும் அளவு" என்றார்.

குடையை நூலுக்கு நேராக விரித்து அளந்தார்கள். ஆறு முழம். நூலுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. கொட்டகையின் சுவரும் கூரையின் ஒரு பகுதியும் அந்த அளவுக்குள் நின்றன.

"மாமன்னரே, பத்து நாளில் பிரித்துப் பின்னால் தள்ளிவிடுகிறேன்" என்றார் பிரதானி, தலை நிமிராமல்.

அப்போது சிட்டாள் பிச்சாண்டியின் அருகே வந்து, தணிந்த குரலில், "சாமி, இந்தப் பக்கம் மூணு முழம்னா எங்க பந்தலும்ல போகுது" என்றாள்.

பிச்சாண்டி திரும்பிப் பந்தலைப் பார்த்தான். ஐந்து நாள் யோசித்தும் இந்தப் பக்கத்தை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அவன் முகம் வெளுத்தது.

அரசர் இருவரையும் கவனித்தார். பிறகு பலகைமேல் இருந்த பச்சைப் பானைகளிடம் போய், ஒன்றின் விளிம்பை விரலால் தொட்டார். விரல் பதிந்தது. கூரையைப் பார்த்தார். தன் முதுகைத் தடவிக்கொண்டார்.

"அன்றைக்கு நீ கொண்டுவந்த சேறு இதுதானா, அம்மா?"

"ஆமாங்க, மகாராசா."

"நான் அதை விட்டுவிட்டுக் கோட்டின் பின்னாலேயே போய்விட்டேன்." பிறகு பிச்சாண்டியிடம் திரும்பினார். "நீ என்னை நனைக்கத்தான் இங்கே அழைத்து வந்தாய். இல்லையா?"

"ஆம், அரசே. சபையில் சொல்லியிருந்தால் தண்ணீர் எத்தனை சொட்டு என்று தாங்கள் கேட்டிருப்பீர்கள்."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். நனைந்த உடையோடு, சேற்றில் நின்றுகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிவாரத்தில் அடக்கி வைத்திருந்த சிரிப்பும் வெளியே வந்தது.

"கேள், பிச்சாண்டி. அளந்து எடுத்த இந்த ஆறு முழ நிலத்தை உனக்கே பரிசாகக் கொடுக்கிறேன். உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஆண்டுகொள்ளட்டும்."

பிச்சாண்டி இரண்டு கைகளையும் கூப்பினான். "வேண்டாம், அரசே. எனக்கு நிலம் வந்தால் கூடவே இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் பிரதானியார். இதை இந்த அம்மாளிடமே கொடுத்துவிடுங்கள். தாங்கள் நடக்க வரும் நாளில் வழி விடுவார்கள். மற்ற நாளில் பானை காயட்டும்."

அப்படியே ஆகட்டும் என்றார் அரசர். சிட்டாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேசாத அவள் கணவன்தான், "நல்லா இருக்கணும் மகாராசா" என்றான். அரசர் தம் தோளிலிருந்த ஈரப் பட்டுச் சால்வையை எடுத்துப் பிச்சாண்டிக்குப் போர்த்தினார். பிச்சாண்டி அதைப் பிழிந்துவிட்டுப் போர்த்திக்கொண்டான்.

பிரதானி சொன்னபடியே பத்து நாளில் கொட்டகையைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டினார். சரிவை இந்த முறை தன் முற்றத்துப் பக்கமாக இறக்கினார். திருவிழாவுக்கு நூறு பானையும் நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

அடுத்த பெரிய மழையில் பிரதானியின் முற்றம் குளமானது. கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாமே என்று அவர் மனைவிக்குத் தோன்றியது. பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவனைச் சிட்டாளின் வீட்டுக்கு அனுப்பி, பெரிய பானை நான்கு கேட்டாள். சிட்டாள் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ஓசை சரியில்லாத ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, நல்லதாக நான்கு தேர்ந்து கொடுத்தனுப்பினாள்.