குணா வாய்ஸ்

கால்பந்து உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் மட்டும்தான் தெரு குணாளனுக்காகக் காத்திருக்கும்.

மற்ற மாதங்களில் அவர் வியாசர்பாடியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வருவார். தோளில் கேனை ஏற்றி மாடிப்படி ஏறுவார், காலி கேனோடு இறங்குவார். கதவைத் திறப்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. உலகக் கோப்பை தொடங்கிவிட்டால் அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே கதவு திறந்துவிடும். இன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பார்கள்.

குணாளன் சொல்வார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் போனில் பேசி, தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அதற்கு 'குணா வாய்ஸ்' என்று பேர் விழுந்துவிட்டது. எந்த கோச்சுக்கு மூளை கிடையாது, எவன் முடியைச் சீவுவதற்காகவே மைதானத்துக்கு வருகிறான், எவன் காசுக்கு மட்டும் ஓடுகிறான், எல்லாம் அதில் இருக்கும். அவருடைய அணி பிரேசில். ஆனால் பிரேசில்காரனையும் விடமாட்டார். சலூனில் அதைச் சத்தமாக வைத்துவிட்டு, கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி சிரிப்பார்கள்.

இளவயதில் அவரும் ஆடியவர்தான். சரியாகச் சொன்னால், ஜெர்சி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர். யாருக்காவது அடிபட்டால் உள்ளே இறக்குவார்கள் என்று காத்திருந்தார். கடைசிவரை இறக்கவில்லை.

அந்த வருடம் உலகக் கோப்பை தொடங்கியபோது அவருக்கு ஓர் ஆசை வந்தது. கோச் ஆக வேண்டும், அதற்கான பரீட்சை எழுத வேண்டும். எஸ்தரிடம் போய்க் கேட்டார்.

எஸ்தர் மாநில அணிக்கு ஆடியவர். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. காலையிலும் மாலையிலும் மாநகராட்சி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். குணாளனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தாலும் அவர் எஸ்தரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். எஸ்தர் அவரை அண்ணா என்றார்.

வெளியே நின்று பாருங்கள், முடிந்ததும் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார் எஸ்தர். அவ்வளவுதான் பாடம்.

முதல் நாள் பயிற்சி முடிந்ததும் குணாளன் ஆரம்பித்தார். இவள் சோம்பேறி, அவளுக்கு இடது கால் கிடையாது, டிஃபென்ஸ் மொத்தமும் ஓட்டை.

எஸ்தர் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "அது நீங்க நினைச்சது. பார்த்தது என்ன?"

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். குணாளனுக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் வந்துகொண்டிருந்தார்.

கால் இறுதியில் பிரேசில் தோற்றது. விடிந்தால் எஸ்தரின் பிள்ளைகளுக்கு மாவட்ட இறுதி ஆட்டம். குணாளன் தூங்காத கண்களோடு போய்க் கோட்டோரம் உட்கார்ந்தார். காதில் ஹெட்போன். எந்த ஊர்க்காரனோ பிரேசில் ஏன் தோற்றது என்று பேசிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல். நிமிர்ந்து பார்த்தார். பந்து வலைக்குள் கிடந்தது. யாமினி தரையில் கிடந்தாள்.

யாமினிதான் கீப்பர். பன்னிரண்டாவது முடித்தவள். அவளுடைய அம்மா தேவகி தெருமுனையில் மீன் வறுத்து விற்கிறவர். அந்த ஒரு கோலில் பிள்ளைகள் தோற்றார்கள்.

அன்று சாயங்காலம் குணா வாய்ஸ் வந்தது. முதலில் பிரேசில் கீப்பரைப் பிடித்துக் காய்ச்சினார். அந்த வேகத்திலேயே பேச்சு வியாசர்பாடிக்கு வந்துவிட்டது.

"நம்ம ஏரியா கீப்பரும் அப்படித்தான். பந்து வந்தா படுத்துக்கறது. அவளுக்குப் பதிலா என் வண்டியிலேர்ந்து ஒரு கேனை எடுத்து வெச்சிருந்தா, அது புடிச்சிருக்கும்."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. பிரேசில் தோற்ற துக்கத்துக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. மறுநாளே பையன்கள் யாமினியைக் கேன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரோ அவள் படத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் படத்தை ஒட்டிக் குழுவில் போட்டார்கள். குணாளனும் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்.

யாமினி பயிற்சிக்கு வரவில்லை. இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகும் வரவில்லை. உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே இடம் கிடைத்தால் சாப்பாடு, தங்கல், கல்லூரிப் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கீப்பர் இடம் யாமினிக்குத்தான் என்று எல்லாருமே நம்பியிருந்தார்கள்.

மைதானத்தில் பிள்ளைகள் குணாளனிடம் பேசுவதை நிறுத்தினார்கள். கேன் போடுகிற வீடுகளில் கிடைத்த சிரிப்பும் மைதானத்தில் கிடைத்த மௌனமும் அவருக்குள் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் எஸ்தரிடமே கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், கருத்து சொல்றது தப்பா?"

எஸ்தர் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பிரேசில் கீப்பரை இதைவிடக் கேவலமா பேசினேன். அவன் இன்னா, ஆடறத வுட்டுட்டானா?"

எஸ்தர் தன் பையைத் திறந்து ஒரு ஜோடி கீப்பர் கையுறையை எடுத்தார். யாமினி யார் மூலமாகவோ திருப்பி அனுப்பியிருந்தாள். அதை அவரிடம் கொடுத்தார்.

"அவங்க வீட்டுக்கும் நீங்கதானே தண்ணி போடறீங்க. போறப்ப இதைக் குடுத்துட்டு வாங்க."

குணாளன் போனார். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். தேவகி அவரைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வீட்டில் எல்லாரும் தவறாமல் அவர் வாய்ஸைக் கேட்பதாகச் சொன்னார். டிவியில் பேசுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு விஷயம் தெரியாது என்றார். அந்தப் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

யாமினி தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கையால் நீட்டினாள். பெரியவர்களுக்கு இப்படியா கொடுப்பது என்று அவருக்குச் சுருக்கென்றது. வாங்கிக்கொண்டு, கையுறையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"நீங்க சொன்னது சரிதான் மாமா. நானும் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு உயரமும் பத்தாது. இதை வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுங்க."

திங்கட்கிழமையிலிருந்து புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை. கடையில் சுடிதார் செக்‌ஷனாம்.

குணாளன் கையுறையோடு திரும்பி வந்தார். எஸ்தர் மைதானத்தில் கோல் வலையில் பிய்ந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது சரின்னு அவளே சொல்றா மாஸ்டர்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"அந்த கோல் எப்படி விழுந்துச்சு அண்ணா?"

"எப்படின்னா... லெஃப்ட் சைடுலேர்ந்து ஒரு பொண்ணு அடிச்சுது."

"அப்புறம்?"

"இவ படுத்துட்டா."

"அதுக்கு முன்னாடி?"

குணாளன் வலையைப் பார்த்தார். அந்த வலைக்குள் பந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் நினைவுக்கு வந்ததெல்லாம் காதில் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஊர்பேர் தெரியாத குரல்தான்.

"நான் பார்க்கல மாஸ்டர்."

எஸ்தர் முடிச்சைப் பல்லால் இறுக்கினார். பிறகு சொன்னார். அடித்த பந்து வலது பக்கம்தான் வந்தது. யாமினி சரியாகவே பாய்ந்தாள். நம்முடைய பிள்ளை ஒருத்தியின் குதிகாலில் பட்டுப் பந்து இடது பக்கம் திரும்பிவிட்டது. பாய்ந்த உடம்பைக் காற்றிலேயே திருப்பப் பார்த்தாள். வலது தோள் கம்பத்தில் மோதியது. எழுந்து, யாரிடமும் சொல்லாமல், மீதி ஆட்டத்தை ஒரு கையோடு ஆடி முடித்தாள்.

குணாளனுக்கு அந்த இடது கை கண்முன் வந்தது. அதையும் தப்பாகத்தான் நினைத்திருந்தார்.

இப்போதே போய் அவளிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"அவகிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகும்?" என்றார் எஸ்தர். "எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

குணாளன் தலையசைத்தார். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியைப் பார்க்கத் தெருவே கூடும், மைக்கிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இடையில் இருந்த இரண்டு நாளும் வண்டியை மிதித்துக்கொண்டே அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தார். அந்த கோலை நான் பார்க்கவே இல்லை. பார்க்காமல் பேசினேன். யாமினி நல்ல கீப்பர். மூன்றே வாக்கியம்தான்.

ஞாயிறு பொழுது சாய்ந்ததும் தெருவின் குறுக்கே வெள்ளைத் திரை கட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தெருமுனையில் தேவகியின் அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. யாமினி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் கடைசியில் சுவரோரமாக எஸ்தர் நின்றிருந்தார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் குணா வாய்ஸ் வேண்டும் என்று குரல் கிளம்பியது. யாரோ மைக்கை அவர் கையில் திணித்தார்கள்.

"மேட்ச்சுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் குணாளன்.

தெரு சட்டென்று அடங்கியது. அவர் குரலில் ஏதோ வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். நாற்காலிகள் இழுபடுவது நின்றது. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் சுமந்து ஏறிய அத்தனை வீடுகளின் முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாழ்நாளில் இத்தனை பேர் ஒன்றாக அவரைப் பார்த்ததில்லை.

பார்க்காமல் பேசினேன் என்று இவர்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால், வேறு எதையெல்லாம் பார்க்காமல் பேசினாய் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நினைப்பார்கள். நாளைக்கு அதே படிகளில் கேனோடு ஏற வேண்டும். கதவைத் திறப்பார்கள், வாங்கி வைப்பார்கள், சாத்திக்கொள்வார்கள்.

மைக்கை மறு கைக்கு மாற்றினார்.

"இன்னிக்கு மேட்ச்சே... கீப்பர் கையிலதான் இருக்கு" என்றார்.

ஒரு நொடி தெரு காத்திருந்தது. பிறகு விசில் பறந்தது. "கேனை நிறுத்தச் சொல்லு" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். குணாளனுக்கு மூச்சு திரும்பி வந்தது. மேலே பேசினார். எந்த அணி எந்தப் பக்கம் பலவீனம், யாரை எப்போது மாற்றுவார்கள் என்று பேசிக்கொண்டே போனார். அன்றைக்குப் பேசியதுபோல அதற்கு முன் அவர் பேசியதே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

மைக்கைக் கொடுத்துவிட்டுத் தெருமுனையைப் பார்த்தார். யாமினி குனிந்த தலை நிமிராமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவகி கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரோரத்தில் எஸ்தர் இல்லை.

திங்கட்கிழமை மாலை குணாளன் மைதானத்துக்கு வந்தார். விடுதித் தேர்வுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு எஸ்தர் அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்திருந்தது. கீப்பர் இடத்துக்கு வேறு ஊர்ப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். யாமினி காலையிலேயே துணிக்கடைக்குப் போய்விட்டாள்.

எஸ்தர் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். குணாளன் சற்றுத் தள்ளி நின்றார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். சொல்லத்தான் மைக்கை வாங்கியதாகச் சொன்னார். வாய் வரைக்கும் வந்துவிட்டது என்றார். எஸ்தர் ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததன் முடிச்சை அவிழ்த்தார்.

"கூட்டம் சரியில்ல மாஸ்டர். எல்லாம் மேட்ச் மூடுல இருந்தாங்க. நான் சொல்லியிருந்தாலும் யாரும் காதுல வாங்கியிருக்க மாட்டாங்க."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டிருப்பாங்க அண்ணா. அதனாலதான் நீங்க சொல்லல."