பெயர் எழுதாத முகம்

சந்தேகக்காரர் ஒருவரின் முகத்தை, அவர் காவல் காத்த அறையிலேயே, அவருக்குத் தெரியாமல் யாரோ வரைந்துவிட்டார்கள். வரைந்தது யார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிறவர்களுக்குத் தெரிய வழி இருக்கிறது.

கோவில்பட்டியில் செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அதனால் அன்று மாலை முப்பிடாதியின் சலூனில் ஓவியர் வட்டம் கூடும். முறையாகக் கற்றவர் அதில் எவரும் இல்லை; எல்லாரும் ஆசைக்கு வரைகிறவர்கள். சுழல் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் மேசை போட்டு, அதன்மேல் ஒரு பொருளை வைத்துச் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். டியூப் லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசும் என்பதால் சுவரில் இருக்கும் கண்ணாடிகளைப் பழைய வேட்டிகளால் மூடிவிடுவார்கள்.

வட்டத்தின் செயலாளர் தீத்தாரப்பன். பேனா, நோட்டு விற்கும் கடைக்காரர். சென்ற ஆண்டு நூலகக் கூடத்தில் நடந்த கண்காட்சிக்கு, யாரோ போட்டோவை அடியில் வைத்துப் பிரதியெடுத்த படத்தைக் கொடுத்துவிட்டதாக ஒரு பேச்சு அடிபட்டது. அதிலிருந்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கையில்லை. கண்காட்சிப் படங்களைத் தம் கண்ணெதிரே வரைய வேண்டும், தேர்வு முடியும்வரை படத்தில் பெயர் எழுதக் கூடாது என்று விதி போட்டார். தாம் வரைவதைக்கூட நிறுத்திவிட்டு, வாசலோரப் பெஞ்சில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்துகொண்டார். யாராவது நிமிர்ந்து பார்த்தால் உடனே புன்னகைப்பார். குனிந்ததும் புன்னகை போய்விடும்.

அன்று மழை. மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். மேசைமேல் ஒரு பூசணிக்காய்.

"மேசை நெறத்துல காய் எடுபடலையே," என்ற தீத்தாரப்பன் சுவரிலிருந்து ஒரு வேட்டியை உருவிக் காயின் அடியில் விரித்தார். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

முப்பிடாதி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி, பெஞ்சுக்கு நேர் எதிரே இருந்தார். பஸ் கண்டக்டர் இசக்கியப்பன் பக்கவாட்டில். அவருக்குச் செயலாளரின் ஒரு காதுதான் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஜெபகனி டீச்சர் பெஞ்சுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். டீச்சர் வரைவது அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது என்று தீத்தாரப்பனுக்கு ஓர் உறுத்தல். மாலை முழுக்க அந்த முதுகின் மேலேயே கண்ணை வைத்திருந்தார்.

முடிந்ததும் தாள்களையெல்லாம் சேர்த்து வாங்கி ஒவ்வொன்றாகக் கயிற்றில் மாட்டினார். பூசணிக்காய், பூசணிக்காய், மறுபடியும் பூசணிக்காய். அடுத்த தாளில் அவரே இருந்தார். நேர்முகம். இடுங்கிய கண்கள், இறுகிய வாய், வலது மார்பில் சட்டைப் பை, பையில் இரண்டு பேனாக்கள். எதிரே இருப்பவரின் மடியில் திருட்டுப்பொருள் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்ட பார்வை.

இசக்கியப்பன் சிரித்துவிட்டார். "டிக்கெட் எடுக்காத ஆளத் தேடுற செக்கர் மூஞ்சி மாதிரியே இருக்கு அண்ணாச்சி. கண்காட்சிக்கு இதுதான். வேற பேச்சே இல்ல."

தீத்தாரப்பன் சிரிக்கவில்லை. கூட இருக்கிறவர்களில் யாரோ ஒருவர் தம்மை இப்படித்தான் பார்க்கிறார். அது யாரென்று தெரியாமல் இனி இவர்களோடு எப்படி உட்காருவது?

"யாரு போட்டது?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தீத்தாரப்பன் கையமர்த்தினார். "நீங்க இருங்க டீச்சர். நீங்க என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அது எனக்கே தெரியும்." பிறகு திரும்பினார். "முப்பிடாதி, என் மொகத்துக்கு நேரா இருந்தது நீதான்."

"அண்ணாச்சி, உங்க மூஞ்சியக் கையில பிடிச்சுத் திருப்பித் திருப்பிச் சவரம் பண்றவன் நான். இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல."

"பார்க்காமத்தான் கை தானா போட்டுச்சாக்கும்? ஒத்துக்கோ. இல்லைன்னா வட்டம் இனிமே இங்க கூடாது."

முப்பிடாதி மூடிய கண்ணாடிகளையும் தள்ளிவைத்த நாற்காலிகளையும் ஒரு தடவை பார்த்தார். "சரி, நான்தான்னே வச்சுக்கங்க," என்று தாளின் ஓரத்தில் தம் பெயரை எழுதினார். டீச்சர் பென்சில்களைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

தீத்தாரப்பன் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், போட்ட சட்டையோடு நிலைக்கண்ணாடி முன் நின்று ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணும் வாயும் பையும் பேனாவும் அதது அந்தந்த இடத்தில் இருந்தன. ஒரு குறை சொல்ல முடியவில்லை. நேர் எதிரே இருந்தவன்தான் வரைந்திருக்கிறான் என்று உறுதி செய்துகொண்டார். அடுத்த தடவை முகச்சவரத்துக்கு வேறு சலூன் தேடிப் போனார்.

படத்தை வரைந்தது யார்? அன்று அந்த அறையில் இருந்தவர்களில் யார் செய்தது சரி?

விடை: வரைந்தது ஜெபகனி டீச்சர். எந்தத் தையற்காரரும் சட்டைப் பையை வலப்பக்கம் வைப்பதில்லை. நேரில் பார்த்து வரைந்திருந்தால் பை இடது மார்பில் இருந்திருக்கும். அது கண்ணாடியில் பார்த்து வரைந்த படம். வேட்டியை உருவி அந்தக் கண்ணாடியைத் திறந்துவிட்டவர் தீத்தாரப்பனே. அதற்கு நேரே இருந்தவர் டீச்சர். முப்பிடாதியின் பொய் வட்டத்தைக் காப்பாற்றியது, ஒரு பழைய சிநேகத்தைக் காப்பாற்றவில்லை. டீச்சரைப் பேசவிடாதது செயலாளரின் தவறு. ஆனால் இன்னொருவர் தம் படத்தில் பெயர் எழுதும்போது ஜிப்பை இழுத்தது டீச்சரின் தவறு. ஆகவே முழுச் சரி யாரிடமும் இல்லை. முப்பிடாதி சொன்ன ஒன்று மட்டும் முழு உண்மை: அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. தீத்தாரப்பன் அதை மனிதர்களின் முதுகுக்கு மட்டுமே காட்டி வந்தார். பை இடம் மாறியிருந்ததை அவர் கண்டுபிடிக்காததற்கு நிலைக்கண்ணாடிதான் காரணம்; அதிலும் பை வலப்பக்கமே தெரியும். தம் முகத்தை அவரும் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறார்.