வீரணனின் காலுக்கு வரி

கனகசபை அரண்மனையில் வரி அதிகாரி. வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு அவரைவிட எட்டு வயது இளையவர். ஆற்றுத் துறைக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த ஒற்றை அறையில் இருந்தார்.

சீடராகச் சேர்ந்த முதல் வருடம், குரு குளிக்கப் போயிருந்த நேரத்தில் கனகசபை அந்த அறையின் தரையை ஓர் அடி விடாமல் தட்டிப் பார்த்தார். பணப் பானை எதுவும் புதைத்து வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் காலில் விழுந்தார். குருவுக்கு இது தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ஒரு நாள் காலை கனகசபை ஓர் ஓலையோடு வந்தார்.

"குருவே, ஒரு பொய்யைப் பிடித்திருக்கிறேன்."

"யாருடைய பொய்?"

"வீரணன் என்று ஒருவன். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். ஆறு வருடத்துக்கு முன் தெற்கு வீதித் திருப்பத்தில் தேர் சறுக்கி, சக்கரம் வலது பாதத்தில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கோவில் தர்மகர்த்தா இழுத்தடித்து, போன வாரம்தான் நஷ்டஈடு கொடுத்திருக்கிறார். அறுநூறு பணம்."

"அதற்கு வரி உண்டா?"

"காயத்துக்காக வாங்கியதற்கு இல்லை. கூலிக்கு ஆறில் ஒரு பங்கு. ஓலையில் 'காலுக்காக அறுநூறு' என்று மொத்தமாக எழுதியிருக்கிறது. சில்லறை இல்லாத தொகையைப் பார்த்தாலே எனக்கு உறுத்தும். கூலியையும் இதற்குள் ஒளித்திருக்கிறார்கள். பொய் ஓலை என்றால் மொத்தத்தையும் கூலியாகக் கொள்ளலாம். நூறு பணம் பிடித்தம். நாளை எழுதிக் கொடுக்க வேண்டும்."

"ஒளித்ததற்கு ஆதாரம்?"

கனகசபை குரலைத் தாழ்த்தினார். "அவன் வீட்டுக்குப் போனேன். கால் உண்மையிலேயே இல்லையா, மடித்துக் கட்டியிருக்கிறானா என்று ஊசியால் குத்திப் பார்த்தேன்."

குரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்ததா?"

"இல்லை. ஆனால் அலறினான். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். பாதத்தில் என்றான். இல்லாத பாதத்தில்! கட்டைவிரல் எந்நேரமும் குடைகிறதாம். கட்டைவிரலே இல்லாதவனுக்கு! இதில் பொய் சொல்கிறவன் எதில் சொல்லமாட்டான்?"

"எல்லாம் தெரிந்துவிட்டதே. பிறகு ஏன் என்னிடம் வந்தீர்கள்?"

"எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று."

"அவனை வரச் சொல்லுங்கள். பணத்தோடு."

உச்சி வெயிலில் வீரணன் கக்கத்தில் கோலை இடுக்கி ஊன்றிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி பேச்சி பணப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கனகசபையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"ஊசி வச்சிருக்காரா சாமி? முதல்ல அதைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

குரு இருவருக்கும் மோர் கொடுத்தார். கனகசபை குவளைகளைக் கவனித்தார்.

"இவர்களை உங்களுக்கு முன்பே தெரியுமோ?"

"தெரியாது."

"அந்த அம்மாளுக்கு விளிம்பு வரை ஊற்றினீர்கள்."

"சுமந்துகொண்டு வந்திருக்கிறார்." குரு பேச்சியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?"

"வடக்கு வீதியில ஒரு வெத்தலைக் கடை விலைக்கு வருது சாமி. ஐந்நூத்தம்பது கேக்குறான். உக்காந்தபடியே இவர் யாவாரம் பாக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கெடு. இந்த ஐயா நூறை உருவிக்கிட்டா மிச்சம் ஐந்நூறு. அம்பது குறைஞ்சா அவன் வெத்தலைக் காம்புகூடக் கொடுக்கமாட்டான்."

குரு தரையில் ஒரு பாயை விரித்தார்.

"வீரணா, இதைக் கொட்டு. காலுக்கு எவ்வளவு, வேறு எதற்கு எவ்வளவு, பிரித்து வை."

வீரணன் மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்து பணத்தைக் கொட்டினான். நெடுநேரம் கையை வைக்கவில்லை. பிறகு எண்ணி எண்ணி ஒரு சின்னக் குவியலைத் தனியாகத் தள்ளினான்.

"இது அறுபது. கூலிப் பாக்கி சாமி. கால் போறதுக்கு முந்தி மூணு திருவிழாவுக்கு வரவேண்டியது. எல்லாத்தையும் காலுக்குன்னே எழுதிருவோம், வரி இருக்காதுன்னு தர்மகர்த்தா வீட்டுக் கணக்குப்பிள்ளைதான் சொன்னார். நானும் சரின்னுட்டேன்."

"சொல்லிட்டியா? இப்ப நிம்மதியா?" என்றாள் பேச்சி.

கனகசபை எழுந்தே விட்டார். "பார்த்தீர்களா! நான் சொன்னேன் அல்லவா?"

"சொன்னீர்கள். உங்கள் மூக்கு தப்பவில்லை. இந்த அறுபதுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள்."

"பத்து இல்லை, நூறு. ஓலை பொய். மொத்தமும் கூலி."

"மொத்தத்தையும் கூலியாகக் கொள்ளலாம் என்றீர்களா, கொள்ள வேண்டும் என்றீர்களா?"

"கொள்ளலாம். என் முடிவு."

"கூலி என்றால் அடுத்த வருடமும் அதைச் சம்பாதிக்க ஒருவன் ஆசைப்படுவான். இவன் ஆசைப்படுகிறானா என்று கேளுங்கள்."

கனகசபை கேட்பதற்கு முன் பேச்சி சொன்னாள். "அதுக்கென்ன, இன்னொரு கால் இருக்கே. தேர் எந்தத் தேதின்னு சொல்லுங்க ஐயா, நானே கூட்டியாந்து சக்கரத்துக்கிட்ட நிறுத்துறேன்."

வீரணன் மட்டும் சிரித்தான்.

"சாமர்த்தியமான பேச்சு," என்றார் கனகசபை. "குருவே, இவன் கூலியை இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொண்டதே எனக்குச் சரியாகப் படவில்லை. சின்னதைக் காட்டிப் பெரியதை மறைக்கிறான். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்காதீர்கள்."

"நினைக்கவில்லை."

"எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இல்லாத பாதம் எப்படி வலிக்கும்? வீரணா, இப்போதும் வலிக்கிறதா?"

"வலிக்குதுங்க."

"எங்கே?"

வீரணன் குனிந்து தன் கால் முடிகிற இடத்துக்கு அப்பால், வெறும் பாயின் மேல் விரல் வைத்துக் காட்டினான். "இங்கன."

"பாருங்கள், என் முகத்துக்கு எதிரேயே! அங்கே பாய்தான் இருக்கிறது. இல்லாத ஒன்று வலிக்கும் என்று எனக்குக் காட்டுங்கள். மீதித் தொண்ணூறையும் விட்டுவிடுகிறேன்."

குரு குவளைகளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கனகசபை, இன்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏதாவது சொன்னீர்களா?"

"என்ன சொல்வேன்? போய்விட்டு வருகிறேன் என்றேன். தினமும் சொல்வதுதான்."

"யாரிடம்?"

கனகசபையின் மனைவி விசாலாட்சி இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

துறையில் ஓடக்காரன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அது அடங்கும் வரை கனகசபை பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, சின்னக் குவியலிலிருந்து பத்துப் பணம் எண்ணி எடுத்துக்கொண்டார். மீதியைப் பேச்சியின் பக்கம் தள்ளினார். அவள் அவரை நம்பவில்லை. இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் பையில் போட்டாள்.

இருவரும் போன பிறகு கனகசபை எழுத்தாணியை எடுத்தார். பத்துப் பணத்தைக் கூலி வரி என்று எழுதினார். அடுத்தது எழுத வரவில்லை.

"அந்த ஐந்நூற்று நாற்பதை என்னவென்று எழுத?"

"எனக்கும் தெரியவில்லை," என்றார் குரு. "வரவு என்று மட்டும் எழுதாதீர்கள்."