மஞ்சள் அலகுக் காக்கை

அந்தக் காலத்தில், ஆடும் நரியும் காக்கையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கதை பேசிச் சாப்பிட்ட நாளில், ஆல்ப்ஸ் மலைக் காக்கையும் நம் ஊர்க் காக்கை மாதிரியேதான் இருந்தது. அலகும் கறுப்பு, காலும் கறுப்பு.

அந்த மலையில் ஓர் ஆடு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ஆட்டக்கா என்பார்கள். கடையில் ஒரே பண்டம்தான், ஃபோண்ட்யூ. பாலாடைக்கட்டியைச் சட்டியில் உருக்கி, கொதிக்கக் கொதிக்க மேசை நடுவில் வைப்பாள். நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் முக்கித் தின்ன வேண்டும். சட்டி பொது. அதனால் கரண்டியில்கூடப் பல் படக் கூடாது. ரொட்டியைச் சட்டிக்குள் நழுவவிட்டால் முதல் தடவை ஒரு பாட்டு. இரண்டாம் தடவை பாத்திரம் கழுவ வேண்டும். மூன்றாம் தடவை எழுந்து போய்விட வேண்டும், பனி உருகும்வரை கடைக்குள் இடமில்லை. பனிக்காலத்தில் அங்கே வேறு இரையும் கிடையாது. வெளியே போனவன் பிழைத்து வருவது சந்தேகம்தான்.

கூரைவரை பனி ஏறியிருந்த ஒருநாள், காக்கை ஒற்றைக் காலில் நின்று மறுகாலில் கரண்டி பிடித்தது. முதல் துண்டு நழுவியது. பாடியது.

"போதும் மாப்ளே, மலைப் பனி சரிஞ்சு தலையில விழுந்துடும்" என்றது நரி.

இரண்டாவதும் நழுவியது. "சட்டியை நான் தேய்ச்சுடுறேன் அக்கா."

"நீ தேய்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும். கரண்டியை ஒழுங்காப் பிடி" என்றாள் ஆட்டக்கா.

ஒழுங்காகத்தான் பிடித்தது. மூன்றாவது துண்டும் கழன்று மெல்ல அமிழ்ந்தது. ஆட்டக்கா விறகு தள்ளக் குனிந்திருந்தாள். காக்கை இரண்டு காலையும் கொதிக்கிற சட்டி விளிம்பில் ஊன்றி, அலகை முழுசாக உள்ளே விட்டு, ரொட்டியைக் கவ்வி விழுங்கியது.

"என்னோடது நழுவலை மாமா" என்றது நரியிடம்.

நரி கரண்டியைக் கீழே வைத்தது. "அக்கா, வாயை வெச்சுட்டான்."

ஆட்டக்கா சட்டியைத் தூக்கிப்போய்ப் பனியில் கவிழ்த்தாள். மேசையில் இருந்த பன்னிரண்டு பேர் சாப்பாடு. திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரொட்டியை விட்டுத் தொலைச்சிருந்தா பனி உருகினதும் வந்திருக்கலாமே தம்பி. பொதுச் சட்டியை எச்சில் பண்ணினவனை எந்தக் காலத்துல உள்ளே விடுறது?"

"பசி அக்கா."

"எல்லாருக்கும்தான். இப்போ உன்னால கூடக் கொஞ்சம்."

காக்கை வெளியே போனது. எச்சிலாயிற்றே, பனியில் கிடந்த அந்தப் பாலாடைக்கட்டியை வேறு யாரும் தீண்டவில்லை. பன்னிரண்டு பேர் பங்கையும் குளிர்காலம் முழுக்க ஒற்றையாளாகக் கொத்தித் தின்று, முன்னைவிடக் கொழுத்துப்போய் வசந்தத்தில் பறந்தது. அலகில் ஏறிய மஞ்சள் போகவில்லை. சுட்ட கால் சிவந்தது சிவந்ததுதான்.

அன்றைக்குப் பிடித்ததுதான், இன்றைக்கும் அந்த மலைக் காக்கைக்கு அலகு மஞ்சள், கால் சிவப்பு. சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றியே திரியும். கதவு திறந்திருந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்காது. எப்போது வெளியே கொட்டுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும்.